நடவு வரிசையில் ஒரு நாற்காலி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் வணக்கம்.

பேரா மாநிலத்தின் செம்பனைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பை, தாங்கள் நடத்திவரும் நம் வாசகசாலைப் புத்தகங்களின் துணைகொண்டு நானே சிறிது நீட்டிக்கொண்டேன். ஆகவே இக்கட்டுரையில் பிழை ஏதும் தென்பட்டால் அதைப் பொறுத்தருளி, சொல்லவந்த செய்தியை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

புதுச்சேரியைச் சேர்ந்த வில்லியனூருக்கு அருகே, மாதா கோயிலை நடுவில் வைத்துச் சுற்றிலும் வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் என் அத்தை மகள் அற்புதமேரி வசிக்கிறாள். என் தகப்பனார் இளவயதில் கப்பலேறி மலாயாவுக்கு வந்துவிட, அவர் தங்கை அந்தச் சிற்றூரிலேயே வாழ்ந்து மறைந்தார். அந்த அத்தையின் மகள்தான் அற்புதம். கணவர் காலமான பிறகு ஒரே மகன் ஸ்டீபனை வளர்த்து ஆளாக்கியவள். அவனுக்குப் பெண் பார்த்திருப்பதாகவும், பேச்சு முடிக்கும் நாளில் சபையில் அமர மூத்த ஆண்பிள்ளை ஒருவர் வேண்டும் என்றும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள்.

"நீ வந்து சும்மா ஒக்காந்தா போதும் மாமா. பேசுறத நான் பேசிக்கிறேன்."

சும்மா உட்காருவதற்காகக் கடல் தாண்டிச் சென்றவன் என்ற பெருமை எனக்கு அவ்வாறு வாய்த்தது.

புதுச்சேரிப் பேருந்து நிலையத்தில் ஏறியவன் வில்லியனூரில் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் சன்னலோரக் காற்று முகத்தில் பட்டதும் உறங்கிவிட்டேன். கண்விழித்தபோது வண்டி நின்றிருந்தது. வெளியே எங்கு நோக்கினும் காய்கறி மூட்டைகளும் நிலக்கடலைக் குவியல்களுமாக இருந்தன. நடத்துநர் என் தோளைத் தட்டினார்.

"பெரியவரே, திருக்கனூர் வந்துடுச்சு. இதுக்கு மேல பஸ்ஸு போவாது. எங்க போவணும் உனக்கு?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட இன்னாபா நீ! அத வுட்டு எவ்ளோ நேரம் ஆவுது!"

எனினும் அவர் என்னைத் தெருவில் விட்டுவிடவில்லை. எதிர்த் திசையில் புறப்படவிருந்த ஒரு சிறு சரக்கு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். அவ்வகை வண்டியை அங்கே 'குட்டியானை' என்று அன்போடு அழைக்கிறார்கள். ஓட்டுநர் பக்கத்தில் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தபடியால், எனக்குப் பின்புறத்தில் கத்தரிக்காய் மூட்டையின் மேல் இடம் கிடைத்தது. என் வாழ்நாளெல்லாம் பாரம் ஏற்றிச் சென்ற நான், அன்றுதான் முதன்முறையாகப் பாரமாகவே சென்றேன்.

"மலேசியாவா? அங்க டீசல் இன்னா வெல?" என்று ஓட்டுநர் முன்னாலிருந்து உரக்கக் கேட்டார். நான் பதில் சொல்ல, அவர் நெடுமூச்சு விட, குழந்தை சிரிக்க, ஊர் வந்து சேர்ந்தது.

மூட்டையிலிருந்து நான் இறங்குவதை அற்புதம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரவேற்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "வா மாமா, வா. ஏரோப்ளேன்ல வரேன்னு சொன்ன. இத்தயா சொன்ன?"

அன்று இரவு உணவு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் தோட்டத்தில் கருவாடு என்பது சிறு துண்டுகளாக வரும். அங்கே தட்டில் ஒரு மீன் முழுதாக, தலையும் வாலும் குறையாமல், என்னை நோக்கிப் படுத்திருந்தது.

மறுநாட்காலை அற்புதம் விடியுமுன் வயலுக்குப் போய்விட்டாள். அது சம்பா நடவுக் காலம். வீட்டில் எனக்காக இட்லியும் வடகறியும் மூடி வைக்கப்பட்டிருந்தன. உண்டு முடித்து, அவளையும் வயலையும் ஒருங்கே காணலாம் என்று வரப்பின்மேல் நடந்தேன். சட்டைப்பையில், ஊரிலிருந்து கொண்டுவந்த இஞ்சி மிட்டாய்கள் இருந்தன.

பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து, இடக்கையில் நாற்றும் வலக்கையில் நடவுமாக, ஓரடி ஓரடியாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். நட்ட பயிரைத் தாமே மிதித்துவிடக் கூடாது அல்லவா? ஆகவே நடவு என்பது பின்னால் நடக்கும் வேலை. பாடிக்கொண்டே நட்டார்கள். அற்புதம் ஓர் அடி எடுத்துக்கொடுக்க, அவளுடைய நெடுநாள் தோழி தனம் என்பவள் அதை வாங்கிப் பாட, மற்றவர்கள் தனத்தின் பின்னே சேர்ந்துகொண்டார்கள். தனத்தின் வீட்டில் மாரியம்மன். அற்புதத்தின் வீட்டில் மாதா. சேற்றில் இறங்கிவிட்டால் இருவருக்கும் ஒரே பாட்டு.

நான் வரப்பில் நின்று கண்கொட்டாமல் பார்த்திருந்தபோது, அவர்களுடைய வரிசை என்னை நெருங்கியது. தனம் நிமிர்ந்து என்னைக் கண்டாள். உடனே ஒரு நாற்றுமுடியை எடுத்து என் காலடியில் வைத்தாள். பாட்டு நின்றது. அற்புதம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பாடினாள்:

"ஆகாசத்தில் பறந்து வந்த அசலூரு மாமனுக்கு
அரைமைல் தூரம் போவத்தான் கத்திரிக்கா மூட்ட வேணும்!"

வரிசை முழுவதும் "மூட்ட வேணும், மூட்ட வேணும்" என்று திருப்பிப் பாடிச் சிரித்தது. நான் திகைத்து நின்றேன்.

"இன்னா நிக்கிற மாமா?" என்றாள் தனம். அற்புதத்திற்கு மாமன் என்றால் அவளுக்கும் மாமன்தான். "வரிச வர்ற வழில நின்னா பாட்டு வாங்கணும். பாட்டு வாங்கினா எதனா குடுக்கணும். அப்பதான் தாண்டிப் போவலாம்."

அது அவ்வூர் வழக்கம். வரப்பில் நிற்பவர் நிலக்காரராயினும், அதிகாரியாயினும், வழிப்போக்கராயினும், அவர்மேல் இட்டுக்கட்டி ஓர் அடி பாடாமல் வரிசை நகராது. அவ்வாறு இட்டுக்கட்டுவதில் சுற்றுவட்டாரத்தில் அற்புதத்திற்கு இணையில்லை என்று சொன்னார்கள். நான் இஞ்சி மிட்டாய்களைப் பங்கிட்டுக் கொடுத்து விடுதலை பெற்றேன்.

எங்கள் தோட்டங்களிலும் பாட்டு உண்டு. ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்கள் இருட்டோடு பாடிக்கொண்டே போவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு மர வரிசை. ஆகவே பாடியவருக்கு மறுமொழி சொல்ல அடுத்த நிரையில் ஆள் இருக்காது. இங்கே ஒருத்தி பாடினால் ஒன்பது வாய்கள் வாங்கிக்கொள்கின்றன. இந்த வேறுபாட்டை அவ்வரப்பில் நின்றுதான் உணர்ந்தேன்.

அன்று மாலை ஸ்டீபன் மருந்துத் தொழிற்சாலை வேலை முடிந்து வந்தான். நல்ல பிள்ளை, என்னை வணங்கி, பயணம் பற்றி விசாரித்து, பிறகு தாயார் கேட்காத தூரத்திற்கு என்னை அழைத்துச் சென்றான்.

"பெரியப்பா, நீங்கதான் அம்மாகிட்ட சொல்லணும். சனிக்கிழம நம்ம பழைய மண்டபத்துல பாட்டுக் கச்சேரி வச்சிருக்காங்க. அம்மாவும் தனம் அத்தையும் பாடுறாங்க."

"நல்ல செய்திதானே?"

"யார சீஃப் கெஸ்ட்டா கூப்ட்டிருக்காங்க தெரியுமா? ரோஸ்லினோட அப்பாவ!"

ரோஸ்லின் என்பவள்தான் அவனுக்குப் பார்த்திருந்த பெண்; நகரத்து மருத்துவமனையொன்றில் செவிலியர். அவள் தந்தை சவரிநாதன், ஓய்வுபெற்ற ஆசிரியர். நகரத்துக் கோயிலொன்றின் பாடகர் குழுவுக்குத் தலைவர். சம்பந்தம் ஆகப்போகிற இடம், மரியாதை செய்து வைப்போம் என்று விழாக் குழுவின் செயலாளர் ஆரோக்கியதாஸ் நல்லெண்ணத்தோடுதான் அவரை அழைத்திருந்தார்.

"அதனால் என்ன?" என்றேன்.

ஸ்டீபன் தரையைப் பார்த்தான். "அம்மா நடவு வேலய வுட்டுட்டாங்க, வூட்டோட இருக்காங்கன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன் பெரியப்பா. மொத நாளு கேட்டாங்க. வாய்ல வந்துடுச்சு. இப்ப அம்மா ஸ்டேஜ்ல நாத்தும் கையுமா நின்னா? அது கூட பரவால்ல. யாரப் பாத்தாலும் இழுத்து வச்சிப் பாடுவாங்க. அவர பாடிட்டாங்கன்னா? ஞாயித்துக்கெழம பேச்சு முடிக்க வரவே மாட்டாரு."

அப்பெண்ணை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது என்பது அதிலேயே எனக்கு விளங்கிற்று.

அற்புதம் அடிகுழாயருகே கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ குதிகாலைத் தேய்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வூட்டோட இருக்கேன்னா சொன்னான்?" என்றாள். மற்றக் காலையும் கழுவி முடித்தாள். பின்னர் மகனை உரக்க அழைத்தாள்.

"டேய் ஸ்டீபா! நான் பாடலன்னா தனம் யாருகிட்டருந்து வாங்கிப் பாடுவா? இத்தன நாளு ஒண்ணா நின்னவள ஸ்டேஜ்ல தனியா வுட முடியாது. பாடுவேன். ஆனா வந்தவங்கள இழுத்து வச்சிப் பாட மாட்டேன். மாதா மேல ஆணை. போதுமா?"

"போதும்மா" என்றான் ஸ்டீபன். அவன் முகத்தில் பாதி நிம்மதிதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நானும் சென்றேன். அம்மண்டபத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடமாகக் கட்டப்பட்டதாம். கிழக்கே மேடை, மேற்கே யானை நுழையும் அளவுக்கு வாயில், வாயிலுக்கு நேரே சாலை, சாலைக்கு அப்பால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வயல். இருபுறமும் உருண்டைத் தூண்கள். சுண்ணாம்புப் பூச்சில் கைவைத்தால் கண்ணாடிபோல் வழுக்குகிறது. தேக்கு உத்தரங்களில் புறாக்கள் குடியிருக்கின்றன. நெடுநாள் பூட்டிக் கிடந்ததைச் செப்பனிட்டு, முதன்முதலாக அதில் ஊர்மக்களின் பாட்டைத்தான் கேட்பது என்று முடிவு செய்திருந்தார்கள். எங்கள் நாட்டில் இத்தகைய கட்டடம் கிடைத்தால் முதலில் குளிர்சாதனம் பொருத்தி, அடுத்து நுழைவுச்சீட்டு அச்சடிப்போம்.

முதலில் பனித்திட்டிலிருந்து வந்த மீனவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். படகைக் கரையேற்றும்போது பாடும் பாட்டு. கயிறில்லாமல் பாட வராது என்று வடக்கயிறு ஒன்றைச் சுமந்து வந்திருந்தார்கள். இழுப்பதற்குப் படகு இல்லாதபடியால், கயிற்றைப் பழைய தூண் ஒன்றில் கட்டிவிட்டு இழுக்கத் தொடங்கினார்கள். பாட்டு ஏற ஏற இழுப்பும் ஏறியது. புறாக்கள் எல்லாம் ஒருசேரப் பறந்தன. செயலாளர் ஆரோக்கியதாஸ் ஓடிவந்து தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யப்பா! வுடுங்கப்பா! கட்டடம் கெழக்கால வந்துடப்போவுது!"

"பயப்படாத சார்," என்றார் மீனவர்களில் ஒருவர். "வந்தா புடிச்சிக்கிறோம்."

பிறகு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஊர் ஆட்கள் நான்கு பேர் நிறுத்தப்பட்டனர். தூண் பிழைத்தது.

அடுத்து நம் பெண்கள் மேடையேறினர். ஒலிபெருக்கிக்காரர் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை உயர்த்தி வைத்தார். அற்புதம் வாய் திறந்தாள். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வரவில்லை. மீண்டும் தொடங்கினாள், மீண்டும் நின்றது. வாழ்நாள் முழுதும் பாடிய பாட்டு நின்றபடி பாடும்போது அவளைக் கைவிட்டது.

"கையில நாத்து இல்லாம, குனியாம, இன்னாத்த பாடுறது?" என்று தனம் சலித்துக்கொண்டாள். "படுத்துக்கினு சோறு துன்ற மாதிரி கீது."

பக்கத்து வயலிலிருந்து நாற்றுமுடிகள் கொண்டுவரப்பட்டன. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார்கள். உடனே பாட்டு, மதகு திறந்தாற்போல் வந்தது. ஒலிவாங்கி மேலே வெறுமனே நிற்க, அவர்களுடைய குரல் தேக்கு உத்தரம்வரை சென்று திரும்பியது. ஒலிபெருக்கி கண்டுபிடிக்கப்படுமுன் கட்டிய மண்டபம் அல்லவா? ஆனால் ஒன்றை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. நடவு பின்னோக்கிச் செல்வது. பாட்டின் ஓரடிக்கு ஓரெட்டாக நகர்ந்த வரிசை, பாட்டின் நடுவிலேயே பின்திரையை அடைந்தது. திரையில் வரையப்பட்டிருந்த தென்னைமரங்கள் உப்பின. அடுத்த அடியில் பெண்கள் அனைவரும் திரைக்குப் பின்னால் மறைந்துபோக, மேடை காலியாக இருக்க, பாட்டு மட்டும் சுவருக்குள்ளிருந்து கேட்டது.

"அக்கா! அற்புதம் அக்கா! வெளிய வாங்க!" என்று ஆரோக்கியதாஸ் கூவினார்.

திரைக்குப் பின்னிருந்து தனத்தின் குரல்: "வர முடியாது சார். நட்டுட்டோம். மெறிக்கக் கூடாது."

மண்டபமே சிரித்தது. இறுதியில் ஆரோக்கியதாஸ் ஒரு வழி கண்டார். பெண்கள் மேடைக்கு முன்னே தரையில் தொடங்கி, நாற்காலி வரிசைகளுக்கு இடையே நடுவழியில் பின்னோக்கிப் பாடிக்கொண்டே சென்று, மேற்கு வாயிலில் முடிக்கட்டும் என்றார். "நடுவுல ஒரு சேர் கூட போடக் கூடாது. சொல்லிட்டேன்" என்று உதவியாளர்களுக்குத் தம் வாயாலேயே கட்டளையிட்டார். தயவுசெய்து இதை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்தது. சுத்துக்கேணியிலிருந்தும் பாகூர்ப் பக்கத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். சவரிநாதன் தூய வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, மகள் ரோஸ்லினோடு வந்து இறங்கினார். உயரமானவர், அதிகம் பேசாதவர், எதைக் கேட்டாலும் பள்ளிக்கூடத்துத் தேர்வுத்தாளைத் திருத்துவதுபோல் கூர்ந்து கேட்கும் வழக்கமுடையவர். ஸ்டீபன் கைகூப்பினான்.

அப்போதுதான் அந்தப் பிழை நிகழ்ந்தது. விருந்தினரை ஓரத்தில் உட்காரவைப்பது அவ்வூரில் நினைத்துப் பார்க்கவும் இயலாத காரியம். மரியாதை என்றால் நடு. ஆரோக்கியதாஸ் பங்குச்சாமியார் இல்லத்திலிருந்து சிங்கக்கால் செதுக்கிய பெரிய நாற்காலியைத் தூக்கிவரச் செய்து, மேடைக்கு நேரே, மண்டபத்தின் நட்டநடுவில், பெண்கள் வரவேண்டிய வழியிலேயே போட்டுவிட்டார். சவரிநாதன் அதில் அமர்ந்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது. கைத்தட்டல். முந்தைய நாள் தாம் இட்ட கட்டளை செயலாளருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு அது உறைத்தபோது பனித்திட்டுக்காரர்களின் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது. எழுந்து சென்று விருந்தினரை நகரச் சொல்வதற்கு எனக்கு வாயில்லை.

"பெரியப்பா," என்று ஸ்டீபன் என் காதருகே சொன்னான். அவனும் பார்த்துவிட்டான். "வழில ஒக்காந்திருக்காரு."

"உன் தாயார் ஆணையிட்டிருக்கிறாளப்பா."

"வழில இருந்தா பாடித்தானே ஆவணும்?"

ஆணையும் வழக்கமும் ஒரே பாதையில் எதிரெதிராக வந்தால் எது ஒதுங்கும் என்பதை நானும் அறியேன்.

பெண்கள் வந்தார்கள். மேடையடியில் எங்களுக்கு முகம் காட்டாமல், மேடையை நோக்கிக் குனிந்தார்கள். கைகள் வெறுந்தரையில் நாற்றை வைப்பதுபோல் தாழ்ந்து எழுந்தன. அற்புதம் எடுத்தாள், தனம் வாங்கினாள். ஓரடி, ஓரெட்டு. வரிசையின் நடுவில் அற்புதம். அவளுக்கு நேர் பின்னே அந்நாற்காலி. ஒவ்வோர் அடிக்கும் அவள் அதை நெருங்கினாள். முதுகில் கண் இல்லையே! ஸ்டீபன் என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தான். பிரேக் பிடிக்காத லோரியில் மலைச்சரிவில் இறங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை.

அவள் குதிகால் சிங்கக்காலில் இடித்தது.

பாட்டு நின்றது. அற்புதம் நிமிர்ந்து திரும்பினாள். சவரிநாதன் அவளைப் பார்த்தார். தூக்கிச் செருகிய சேலையைப் பார்த்தார். கையிலிருந்த நாற்றைப் பார்த்தார். வீட்டோடு இருப்பதாகச் சொல்லப்பட்ட பெண்மணி இவர்தான் என்பதை அவர் அறிந்துகொண்ட கணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தனம், வழக்கம் தவறக் கூடாது என்ற ஒரே நினைவோடு, நாற்றுமுடியை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டாள். ஊர்மக்கள் அனைவருக்கும் அதன் பொருள் தெரியும். எல்லோரும் அற்புதத்தின் வாயையே பார்த்திருந்தார்கள்.

அவள் கூட்டத்தில் மகனைத் தேடினாள். கண்டாள். பிறகு விருந்தினரைப் பார்த்துக் கைகூப்பி, மெல்லப் பாடினாள்:

"வெள்ள வேட்டி கட்டி வந்து வரப்புமேல ஒக்காந்தவரே,
வெளஞ்ச நெல்லு ஒங்க வூட்டு வாசல் வந்து சேரட்டுமே!"

வாழ்த்துத்தான். ஸ்டீபனின் பிடி தளர்ந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்; குரல் உயர்ந்தது:

"சேத்து வேல வுட்டுட்டேன்னு சேதி சொன்ன எம்மவனே,
சோத்துப் பான நெறயத்தானே சேத்துக்குள்ள நின்னேன்டா;
வூட்டுக்குள்ள நெல்லு மொளச்சா வூட்டோட நான் இருந்திருப்பேன்!"

"இருந்திருப்பேன், இருந்திருப்பேன்" என்று வரிசை திருப்பிப் பாடவேண்டும். பாடவில்லை. தனம்கூட வாயில் கைவைத்து நின்றாள். ஸ்டீபன் தலைகுனிந்திருந்தான்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. ரோஸ்லின். அடக்கப் பார்த்தாள், கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள், முடியவில்லை. தந்தையார் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு ஸ்டீபனைப் பார்த்தார். பிறகு காலடியிலிருந்த நாற்றைப் பார்த்தார்.

"இதுக்கு நான் என்ன செய்யணும்மா?" என்று அற்புதத்திடம் கேட்டார்.

"எதனா குடுக்கணும் சார்," என்று தனம் முந்திக்கொண்டாள். "குடுத்துட்டு வழிய வுடணும்."

அவர் எழுந்தார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, மடித்து, அற்புதத்தின் கையில் கொடுத்தார். ஆரோக்கியதாஸ் பதறியடித்து நாற்காலியைத் தூக்க ஓடிவந்தபோது, "இருக்கட்டும், நான் உக்காந்தது" என்று சொல்லி, அந்தச் சிங்கக்கால் நாற்காலியைத் தம் இரு கைகளாலும் தாமே தூக்கிக்கொண்டார்.

அதன் பிறகு நான் கண்டதை எங்கும் கண்டதில்லை. தனம் 'இருந்திருப்பேன்' என்று எடுத்தாள், வரிசை வாங்கியது, மண்டபம் முழுவதும் வாங்கியது. பெண்கள் பின்னோக்கி நட்டுக்கொண்டே வர, அவர்களுக்கு முன்னே வழிவிட்டபடி, நாற்காலியைச் சுமந்துகொண்டு, பாட்டின் தாளத்துக்கு அடிவைத்துச் சவரிநாதன் மேற்கு வாயிலை நோக்கி நடந்தார். வாயிலைத் தாண்டிப் படியில் நாற்காலியை இறக்கி வைத்தார். வரிசை வாயிற்படியில் நின்றது. எதிரே, சாலைக்கும் வாய்க்காலுக்கும் அப்பால், அவர்கள் அந்த வாரம் நட்ட பயிர் மாலை வெயிலில் பசுமையாக நின்றது.

வீடு திரும்பியதும் ஸ்டீபன் வாசலிலேயே நின்றுவிட்டான். "மாதா மேல ஆணை வச்சியேம்மா."

"வந்தவங்கள இழுத்துப் பாட மாட்டேன்னு சொன்னேன். வாழ்த்திதானே வுட்டேன்?" என்றாள் அற்புதம். "ஒன்னப் பாட மாட்டேன்னா சொன்னேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பொய்ய வச்சிக்கினு அந்தப் பொண்ண இந்த வூட்டுக்குள்ள கூட்டியாந்தா, தெனம் காலைல நான் வயலுக்குப் போவும்போது அத இன்னா சொல்லி ஏமாத்துவ?" என்று கேட்டாள். அவன் தாயின் தோளில் தலை சாய்த்துக்கொண்டான். ஆயினும் மறுநாள் அவர்கள் வருவார்களா என்பதை மூவரில் எவரும் துணிந்து சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெகுநேரம் ஆயிற்று. அற்புதம் கானாங்கெளுத்திக் குழம்பு வைத்துவிட்டு அடுப்பை அணைப்பதும் மூட்டுவதுமாக இருந்தாள். நான் சபையில் அமரவேண்டிய நாற்காலியில் சபையின்றி அமர்ந்திருந்தேன். ஸ்டீபன் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

நண்பகலில் கார் வந்து நின்றது. சவரிநாதனும் அவர் மனைவியும் ரோஸ்லினும் இறங்கினார்கள். சவரிநாதனின் முகத்தில் அதே தேர்வுத்தாள் திருத்தும் கடுமை. உள்ளே வந்தார், அமர்ந்தார், தண்ணீர் அருந்தினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த வரவேற்புரையைத் தொடங்கப் போனேன். அவர் கையுயர்த்தி நிறுத்தினார்.

"எனக்கு ஒரு புகார் இருக்கு," என்றார்.

ஸ்டீபன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து நடுவுல உக்காந்தது நான். வழிய மறிச்சது நான். நாற்காலி தூக்கினதும் நான். இன்னைக்கு எந்திரிச்சா கை ரெண்டும் வலிக்குது." அவர் அற்புதத்தின் பக்கம் திரும்பினார். "ஆனா எனக்கு ரெண்டே வரி. உங்க மகனுக்கு மூணு வரி. இது என்ன நியாயம் சம்மந்தியம்மா?"

அந்தக் கடைசிச் சொல் விழுந்தவுடன் ஸ்டீபன் பிடித்திருந்த கதவை விட்டான். பிறகு அற்புதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோயில்ல கல்யாண ஓல வாசிக்கட்டும் சம்மந்தி," என்றாள். "மீதி வரிய கல்யாணத்துல வச்சிப் பாடுறேன்."

ரோஸ்லின் சமையற்கட்டுக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தாள். நான் என் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தானே என்னை அழைத்திருந்தார்கள்.

ஐயா, அம்மா! அற்புதத்தின் அந்த ஐந்து வரிகளையும், எனக்குக் கிடைத்த இரண்டு வரிகளையும் கேட்டபடியே மேலே எழுதியிருக்கிறேன். நானறிந்தவரை அவை வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆகவே, படித்து முடித்த பின் இந்தத் தாள்களை எறிந்துவிடாமல், நம் வாசகசாலை அலமாரியில் ஓரிடம் கொடுத்து வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.